மணிக்கட்டில் மிகுந்திருக்கும் தசை நரம்பை நெரிக்கிறதா?

கை மரத்துப்போகிறது என்று வந்தவருக்கு மணிக்கட்டில் அறுவை செய்யும்போது, எப்போதாவது ஒருமுறை, மருத்துவர் எதிர்பாராத ஒன்றைப் பார்க்கிறார். நார்ப்பட்டையைக் கீறியதும் வெண்மையாகப் பளபளக்கும் தசைநாண்களும் அவற்றின் மேல் படுத்திருக்கும் நரம்பும் தெரிய வேண்டும். அங்கே சிவந்த சதை துருத்திக்கொண்டு வருகிறது. பாடநூல் படத்தில் அந்த இடத்தில் சதை கிடையாது. அதை அகற்றுகிறார், நார்ப்பட்டையை முழுதாகப் பிரித்துவிடுகிறார், தோலைத் தைக்கிறார். சில வாரங்களில் மரமரப்பு குறைகிறது. அந்தச் சதைதான் நரம்பை நெரித்தது என்று இதழ் ஒன்றுக்கு அறிக்கை போகிறது.

இப்படிப்பட்ட அறிக்கைகள் கை அறுவை இதழ்களிலும் உடற்கூற்றியல் இதழ்களிலும் அரை நூற்றாண்டுக்கு மேலாகக் குவிந்திருக்கின்றன. தனித்தனியே படித்தால் ஒவ்வொன்றும் நம்பும்படி இருக்கிறது. சேர்த்து வைத்துப் படிக்கும்போதுதான் சந்தேகம் வருகிறது. பிறவியிலேயே கூடுதலாகவோ இடம் மாறியோ அமைந்த தசை, நரம்பை உண்மையிலேயே நெரிக்கிறதா? அல்லது வேறு காரணத்தால் நெரிபட்ட நரம்புக்குப் பக்கத்தில் தற்செயலாக இருந்து மாட்டிக்கொண்டதா? இதற்கு இதுவரை சொல்லப்பட்ட விடைகளையும் அவை எங்கே தடுமாறுகின்றன என்பதையும் இக்கட்டுரை பார்க்கிறது.

இடம் எவ்வளவு, நெருக்கடி எவ்வளவு

மணிக்கட்டின் உட்புறத்தில் சிற்றெலும்புகள் வளைந்து ஒரு பள்ளம் அமைக்கின்றன. அதன் மேல் குறுக்கே தடித்த நார்ப்பட்டை ஒன்று கூரைபோல் கட்டப்பட்டிருக்கிறது. இடையில் உள்ள வழியே கார்ப்பல் டனல். மிகக் குறுகிய இடத்தில் அதன் அகலம் ஏறக்குறைய 2 செ.மீ., ஆழம் 1 செ.மீ. இதற்குள் விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் மீடியன் நரம்பும் செல்கின்றன. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலின் ஒரு பாதி ஆகியவற்றின் உணர்வும், கட்டைவிரல் மேட்டுத் தசைகளில் பெரும்பாலானவற்றின் இயக்கமும் இந்த நரம்பைச் சேர்ந்தவை. சுண்டுவிரல் பக்கம் தனியாக இன்னொரு சிறு வழி உண்டு. 1861இல் அதை விவரித்த பிரெஞ்சு அறுவை மருத்துவர் ஃபெலிக்ஸ் குயோன் பெயரால் அது குயோன் கால்வாய் எனப்படுகிறது. அதில் அல்நார் நரம்பும் அல்நார் தமனியும் செல்கின்றன. தசைநாண் எதுவும் இல்லை.

நெருக்கடியை எண்ணால் சொல்ல முடிந்தது 1981இல். அமெரிக்காவில் ரிச்சர்ட் கெல்பர்மன் குழுவினர் மெல்லிய குழாயைச் செருகி டனலுக்குள் அழுத்தத்தை அளந்தார்கள். மணிக்கட்டு நேராக இருக்கும்போது நோயற்றவர்களிடம் சராசரி 2.5 மி.மீ. பாதரசம், இந்த நரம்பு டனலுக்குள் நெரிபட்ட கார்ப்பல் டனல் நோயாளிகளிடம் 32. மணிக்கட்டை உள்நோக்கி மடக்கினால் நோயற்றவர்களிடமே 31க்கு ஏறியது, நோயாளிகளிடம் 94. பின்னோக்கி நீட்டினால் 30, 110. அடுத்த ஆண்டு கோரன் லண்ட்போர்க்கும் அதே குழுவினரும் தன்னார்வலர்களின் கையில் செயற்கையாக அழுத்தம் கொடுத்துப் பார்த்தார்கள். 30 மி.மீ. அளவில் நரம்பின் செயல்பாட்டில் சிறு மாற்றம் தெரிந்தது. 60க்குப் போனதும் உணர்வுக் கடத்தல் விரைவிலேயே நின்றுபோனது.

இந்த எண்கள் பின்வரும் விவாதம் முழுவதற்கும் அடிப்படை. நோயற்ற கையிலேயே மணிக்கட்டை மடக்கினால் ஆபத்தின் எல்லை தொடப்படுகிறது என்றால், உள்ளே ஓர் இழை சதை கூடுதலாக இருப்பதும் கணக்கில் வரலாம். ஆனால் அந்த எல்லையைத் தினமும் பலமுறை தொட்டு வரும் கோடிக்கணக்கான கைகளுக்கு எதுவும் ஆவதில்லை என்பதும் அதே எண்களிலிருந்துதான் தெரிகிறது.

பட்டியல் போட்டவர்கள்

தசைகள் ஆளுக்கு ஆள் மாறும் என்பது வெகு பழைய செய்தி. உள்ளங்கைக்கு வரும் மெல்லிய பால்மாரிஸ் லாங்கஸ் தசை சிலரிடம் இருப்பதே இல்லை என்று இத்தாலிய உடற்கூற்றாளர் ரியால்டோ கொலம்போ 1559இலேயே எழுதிவிட்டார். புறங்கையில் விரல்களை நீட்டும் குட்டித் தசை ஒன்று சிலரிடம் காணப்படுவதை அல்பினஸ் 1734இல் பதிந்தார். ஆனால் முறையான வேட்டை 19ஆம் நூற்றாண்டில்தான் தொடங்கியது. லண்டனில் ஜான் வுட் 1860களில் வரிசையாகக் கட்டுரைகள் வெளியிட்டார். டப்ளினில் அலெக்சாண்டர் மெக்காலிஸ்டர் 1870களில் அதுவரை அச்சான மாறுபாடுகளையெல்லாம் ஒரே பட்டியலில் சேர்த்தார். பிரான்சில் டெஸ்ட்யூ 1884இலும், லெ துப்ல் 1897இலும் தடித்த நூல்களே எழுதினார்கள்.

இவர்களைத் தூண்டிய கேள்வி மருத்துவம் சார்ந்ததன்று. மனிதத் தசையில் காணும் பிறழ்வு வேறு விலங்கின் இயல்பான அமைப்பை ஒத்திருக்கிறதா என்பதே அவர்களது தேடல். டார்வின் 1871இல் வெளியிட்ட மனித மரபு பற்றிய நூலில் வுட்டின் பதிவுகளைத் தன் வாதத்துக்குத் துணையாக எடுத்துக்கொண்டார். அந்தப் பட்டியல்களில் நோய் பற்றிய பேச்சு இல்லாததில் வியப்பில்லை. வெட்டிப் பார்த்தவை பெயர் தெரியாத சவங்கள். அவர்களுக்கு உயிரோடிருந்தபோது கை மரத்ததா என்று கேட்க வழியில்லை. உடற்கூற்றியல் துறைகளின் இந்தப் பலவீனம் இன்றும் அப்படியே தொடர்கிறது. நம் மருத்துவக் கல்லூரிகளில் மாணவர் வகுப்புக்காகப் பிரிக்கப்படும் உடல்களிலிருந்து ஆண்டுதோறும் மாறுபாட்டு அறிக்கைகள் வருகின்றன. இது நரம்பை அழுத்தியிருக்கக்கூடும் என்ற ஒரு வரியோடு அவை முடிவது கிட்டத்தட்ட வழக்கமாகிவிட்டது. அந்த வரிக்கு ஆதாரம் உடலில் இருந்து வருவதில்லை.

மறுபக்கம், நரம்பு நெரிபடுவது என்ற கருத்தே தாமதமாகத்தான் வந்தது. மணிக்கட்டு எலும்பு முறிவுக்குப் பின் மீடியன் நரம்பு அழுந்திய ஒருவரை ஜேம்ஸ் பேஜெட் 1850களில் விவரித்தார். பாஸ்டனில் ஜேம்ஸ் ஜாக்சன் புட்னம் 1880இல், இரவில் கை மரத்து விழித்துக்கொள்ளும் 37 பேரைப் பற்றி எழுதினார். ஆனால் நரம்பு அழுந்துகிறது என்று அவர் எண்ணவில்லை. இரத்த ஓட்டக் கோளாறு என்று கருதினார். பாரிசில் பியர் மாரியும் ஷார்ல் ஃபுவாவும் 1913இல் 80 வயது மூதாட்டி ஒருவரின் உடலைப் பரிசோதித்து, நார்ப்பட்டைக்கு மேலே நரம்பு வீங்கி அதன் அடியில் மெலிந்திருப்பதைக் கண்டார்கள். பட்டையை முன்பே வெட்டியிருந்தால் பலன் இருந்திருக்கலாம் என்றும் எழுதினார்கள். யாரும் செவிசாய்க்கவில்லை. அடுத்த முப்பது ஆண்டுகளுக்குக் கட்டைவிரல் மேடு வற்றிப்போனால் கழுத்து விலா எலும்பைக் குற்றம் சொல்வதே வழக்கமாயிருந்தது. 1947இல் ரசல் பிரெய்னும் இரு சக மருத்துவர்களும் ஆறு நோயாளிகளின் மணிக்கட்டுப் பட்டையைப் பிரித்துக் கிடைத்த பலனை வெளியிட்ட பிறகே காட்சி மாறியது. 1950களில் ஜார்ஜ் ஃபாலன் இந்த நோயை எல்லோரும் அறிந்ததாக்கினார்.

தசைப் பட்டியலும் நரம்பு நோயும் சந்தித்தது அதன்பின். மணிக்கட்டுகள் ஆயிரக்கணக்கில் திறக்கப்பட்டபோது, வுட்டும் மெக்காலிஸ்டரும் சவத்தில் கண்ட தசைகளை மருத்துவர்கள் உயிருள்ள கைகளில் காணத் தொடங்கினார்கள். இம்முறை அந்தக் கைக்கு உரியவர் என்ன வலிக்கிறது என்று சொல்லக்கூடியவராக இருந்தார்.

தசையே காரணம் என்பவர்கள்

முதல் நிலைப்பாடு நேரடியானது. குறுகிய வழியில் இருக்கக்கூடாத சதை இருக்கிறது, எனவே நரம்பு நெரிகிறது. இதற்குச் சான்றாகக் காட்டப்படும் தசைகளில் சிலவற்றை மட்டும் பார்க்கலாம்.

பால்மாரிஸ் லாங்கஸ் வழக்கமாக முன்கையின் மேற்பாதியில் சதையாகவும் கீழ்ப்பாதியில் நாணாகவும் இருக்கும். சிலரிடம் இது தலைகீழாக அமைகிறது. மேலே நாண், மணிக்கட்டுக்கு அருகே சதைப்பிண்டம். தோலுக்கடியில் மெல்லிய வீக்கமாகத் தெரியும். மணிக்கட்டை மடக்கி எதிர்த்து அழுத்தினால் புடைக்கும். சுத்தியல், ஸ்பேனர் பிடித்து நாள் முழுதும் உழைப்பவருக்கு அந்தப் பிண்டம் பருத்து, வேலை முடியும் நேரத்தில் விரல்கள் மரக்கின்றன, ஓய்வெடுத்தால் தணிகின்றன என்பது இந்த அறிக்கைகளில் திரும்பத் திரும்ப வரும் சித்திரம். கார்ப்பல் டனல் நோயைப் போன்றே தோன்றும் இத்தகைய நிலையை 1975இல் பிரிட்டனிலிருந்து வந்த ஓர் அறிக்கை தெளிவாக விவரித்தது.

பால்மாரிஸ் புரொஃபண்டஸ் இன்னும் அரிது. 1908இல் ஃப்ரோசேயும் ஃபிரெங்கலும் விவரித்த இத்தசையின் நாண் மீடியன் நரம்போடு ஒட்டியபடியே டனலுக்குள் நுழைகிறது. சில கைகளில் நரம்பும் நாணும் ஒரே உறைக்குள் இருந்தன. 1944இல் ரைமனும் சகாக்களும் 1600 கைகளைப் பிரித்துப் பார்த்ததில் இது ஒரே ஒரு முறை கிடைத்தது. இதே ஆய்வில் பால்மாரிஸ் லாங்கஸ் 12.8 விழுக்காடு கைகளில் இல்லை. விரல் மடக்கும் மேலடுக்குத் தசையின் சதை, குறிப்பாக ஆள்காட்டி விரலுக்கு உரியது, டனலுக்குள்ளோ அதையும் தாண்டி உள்ளங்கையிலோ நீள்வது மற்றொரு வகை.

இந்த நிலைப்பாட்டின் வலிமை அதன் தர்க்கத்தில் இருக்கிறது. பலவீனமும் அங்கேயேதான். நோயர் அறிக்கை, திறந்து பார்த்து ஏதேனும் கிடைத்தால் மட்டுமே எழுதப்படுகிறது. திறக்காத கைகளில் அதே தசை எத்தனை பேரிடம் தொல்லையின்றி இருக்கிறது என்பது அதில் வராது. இதைவிடப் பெரிய சிக்கல் சிகிச்சையில் உள்ளது. தசையை அகற்றும் மருத்துவர் பெரும்பாலும் நார்ப்பட்டையையும் பிரித்துவிடுகிறார். பட்டையைப் பிரிப்பது மட்டுமே பெரும்பாலான கார்ப்பல் டனல் நோயாளிகளுக்குக் குணம் தருகிறது. அப்படியிருக்க, குணமானதற்குக் காரணம் தசை போனதா, பட்டை போனதா என்று அந்த அறிக்கையை வைத்துச் சொல்லவே முடியாது. என் பார்வையில், இத்துறையின் சான்றில் பெரும்பகுதி இந்த ஒரு குறையால் மதிப்பிழக்கிறது.

விதிவிலக்கு உண்டு. தலைகீழ் பால்மாரிஸ் பிண்டத்தை மட்டும் எடுத்து, டனலைத் தொடாமல் விட்டு, அதன்பின் தொல்லை தீர்ந்த கைகள் கூடுதல் எடை கொண்டவை. அவற்றிலும் அறுவைக்குப் பிந்தைய ஓய்வின் பங்கைக் கழித்தாக வேண்டும்.

அசையும் தசை: லம்ப்ரிக்கல்

இந்த விவாதத்தில் எனக்கு மிகவும் உறுதியாகத் தோன்றும் இழை, தசை எங்கே இருக்கிறது என்பதை விட்டு எப்போது அங்கே வருகிறது என்று கேட்டவர்களிடமிருந்து வந்தது.

லம்ப்ரிக்கல் என்பவை உள்ளங்கையில் உள்ள நான்கு மெல்லிய தசைகள். இவை எலும்பிலிருந்து தொடங்குவதில்லை. விரல் மடக்கும் ஆழ்ந்த தசைநாண்களைப் பற்றிக்கொண்டு தொடங்குகின்றன. ஆகவே விரலை மடக்கினால் நாண் முன்கை நோக்கி இழுபடும்போது லம்ப்ரிக்கலும் கூடவே இழுபட்டு டனலுக்குள் போகிறது. 1994இல் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த டைசன் காப் குழுவினர் சவங்களின் கையில் இதை அளந்தார்கள். விரல்கள் நீண்டிருக்கும்போது தசைகளின் தொடக்கம் டனலுக்கு வெளியே சராசரியாக 7.8 மி.மீ. தள்ளி இருந்தது. விரல்களை முழுக்க மடக்கியபோது டனலுக்குள் 30 மி.மீ. வரை நுழைந்தது. அதே குழுவின் அடுத்த ஆய்வில், லம்ப்ரிக்கல்களை நீக்கிய பிறகு விரல் மடக்கும்போது டனல் அழுத்தம் முன்போல் உயரவில்லை.

இங்கே கவனிக்க வேண்டியது, இவை பிறழ்ந்த தசைகள் அல்ல என்பது. எல்லோருடைய கையிலும் முஷ்டி பிடித்தால் சதை டனலுக்குள் போகிறது. இதற்கு எதிர்முனையிலிருந்தும் ஒரு வரவு இருக்கிறது. மணிக்கட்டைப் பின்னோக்கி நீட்டும்போது விரல் மடக்கும் தசைகளின் சதை நுனிகள் முன்கையிலிருந்து டனலின் வாயில் வரை இறங்குகின்றன. இதைக் கனடாவில் பீட்டர் கியரின் குழு 2000 வாக்கில் காட்டியது. ஆக, மணிக்கட்டை நீட்டி, விரல்களை இறுக்கி ஒரு கருவியைப் பிடித்திருக்கும் கையில் இரு முனைகளிலிருந்தும் சதை உள்ளே வருகிறது.

இந்தப் பின்னணியில் பிறழ்வுக்குப் புதுப் பொருள் கிடைக்கிறது. ஆள்காட்டி விரல் லம்ப்ரிக்கல் வழக்கத்தைவிட மேலே தொடங்கி டனலுக்குள்ளேயே குடியிருந்த ஒரு கையைப் பட்லரும் பிக்லியும் 1971இலேயே விவரித்தார்கள். கை உழைப்பாளிகளிடம் லம்ப்ரிக்கல் பருத்திருந்ததை 1980களின் இறுதியில் வந்த அறிக்கை சொன்னது. இயல்பான ஏற்ற இறக்கத்தின் ஒரு கோடியில் இவை நிற்கின்றன என்று பார்த்தால், பிறழ்ந்த தசை, இயல்பான தசை என்ற பிரிவினையே கொஞ்சம் தளர்கிறது. எத்தனை மில்லிமீட்டர், எவ்வளவு நேரம் என்ற அளவுக் கேள்வியாக அது மாறுகிறது.

எல்லைகளும் இருக்கின்றன. அளவீடுகளில் பெரும்பகுதி சவத்தில் செய்யப்பட்டவை. சவத்தின் தசை சுருங்குவதில்லை, இரத்தம் நிரம்புவதில்லை. டனல் அழுத்தம் உயர்ந்தது என்பதற்கும் நோய் வந்தது என்பதற்கும் நடுவில் பல படிகள் உள்ளன.

பால்மாரிஸ் லாங்கஸிலும் இதே இயக்க நோக்கு ஒரு விந்தையான கிளைவிட்டது. அதன் நாண் டனலுக்கு வெளியே, கூரைக்கு மேலே இருக்கிறது. அப்படியிருந்தும், 1997இல் கியரும் சகாக்களும் சவக் கைகளில் ஒவ்வொரு நாணாக இழுத்துப் பார்த்தபோது, மணிக்கட்டை நீட்டிய நிலையில் டனல் அழுத்தத்தை மிகவும் உயர்த்தியது இந்த வெளி நாண்தான். கூரையைக் கீழ்நோக்கி அழுத்துவதாக விளக்கினார்கள். அப்படியானால் இந்தத் தசை இல்லாதவர்கள் பாதுகாப்பானவர்களா? நோயாளிகளிடம் இத்தசை கூடுதலாகக் காணப்படுகிறது என்று 2006இல் ஓர் அமெரிக்கக் குழு எழுதியது. கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்து மணிக்கட்டை லேசாக மடக்கினால் நடுவில் நாண் எழுகிறதா என்று எவரும் தன் கையிலேயே பார்த்துக்கொள்ளலாம். மேற்கத்திய மக்களில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினரிடம் அது எழாது. சிங்கப்பூர்ச் சீனரிடையே 2005இல் வெளியான ஆய்வில் இல்லாதவர்கள் 4.6 விழுக்காடுதான். தசை இருப்பதே காரணம் என்றால் அதற்கேற்ப நோயும் இனத்துக்கு இனம் மாற வேண்டும். உடல் பருமன், நீரிழிவு, தொழில், மருத்துவ வசதி எல்லாம் குறுக்கே நிற்பதால் அந்த ஒப்பீட்டை நம்பிச் செய்வது கடினம்.

குயோன் கால்வாயின் தனி நிலை

சுண்டுவிரல் பக்கம் நிலைமை வேறு. அங்கே நாண்கள் இல்லை, அழுத்தம் ஏற இறங்கும் இயல்பான பொறி இல்லை. இருப்பது நரம்பு, தமனி, கொஞ்சம் கொழுப்பு. ஆகவே ஒரு தசை உள்ளே வந்தால் அதன்மேல் சந்தேகம் திரும்புவது எளிது. அங்கே அடிக்கடி வரும் விருந்தாளி, சுண்டுவிரலை விலக்கும் தசைக்குத் துணையான ஒன்று. முன்கையின் உறையிலிருந்தோ பால்மாரிஸ் நாணிலிருந்தோ கிளம்பி, நரம்பையும் தமனியையும் குறுக்காகக் கடந்து சுண்டுவிரலின் அடியில் சேர்கிறது.

1990இல் டாட்ஸ் குழுவினர் 58 மணிக்கட்டுகளைப் பிரித்ததில் 22.4 விழுக்காட்டில் இக்கால்வாயில் மிகைத் தசை இருந்தது. கிட்டத்தட்ட நாலில் ஒரு கை. குயோன் கால்வாயில் அல்நார் நரம்பு நெரிபடும் நோயோ, கார்ப்பல் டனலோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. அந்தக் குறைந்த எண்ணிக்கையிலும் முதலில் தேட வேண்டியவை நீர்க்கட்டி, தமனி அடைப்பு, கொக்கி எலும்பு முறிவு, சைக்கிள் கைப்பிடியின் தொடர் அழுத்தம் போன்றவை. நாலில் ஒருவரிடம் உள்ள ஒன்றை அரிய நோய்க்குக் காரணமாகச் சொல்வதற்குக் கூடுதல் துணிவு வேண்டும்.

தசையின் தடிமனைக் கொண்டு இந்த முரணைத் தீர்க்கப் பார்க்கிறார்கள் சிலர். மெல்லிய நாடா தொல்லை தராது, தடித்த உருளை தரும் என்பது வாதம். ஏற்கக்கூடியதே. ஆனால் எத்தனை மி.மீ. தடித்தால் ஆபத்து என்பதற்கு எல்லோரும் ஏற்கும் எல்லைக்கோடு இல்லாதவரை, தொல்லை வந்த பிறகு தசை தடித்தது என்று பெயர் வைக்கும் சுழற்சிக்கு வழி திறந்தே இருக்கிறது.

பக்கத்தில் நின்ற தசை என்பவர்கள்

எதிர் நிலைப்பாடு எம்.ஆர்.ஐ., அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்கள் பரவிய பிறகு வலுப்பெற்றது. தொல்லையற்ற கைகளின் உள்ளேயும் பார்க்க முடிந்ததால், பிறழ்வுத் தசைகள் எவ்வளவு சாதாரணம் என்பது தெரிந்தது. இவர்களின் முதல் கேள்வி வயது. பிறவியிலிருந்தே இருக்கும் தசை ஏன் 45, 50 வயதுவரை காத்திருக்கிறது? கார்ப்பல் டனல் நோய் ஆண்களைவிடப் பெண்களிடம் கூடுதல், கர்ப்பத்தில் தோன்றி மறைவதும் உண்டு. நீரிழிவு, தைராய்டு குறைபாடு, முடக்குவாதம் ஆகியவற்றோடு சேர்ந்து வருகிறது. இவற்றில் எதையும் ஒரு கூடுதல் சதைத்துண்டு விளக்குவதில்லை. அறுவையில் எடுக்கப்படும் நாணுறைத் திசுவைப் பரிசோதித்தால் அழற்சியின்றி நாரேறித் தடித்திருப்பதையே பெரும்பாலும் காண்கிறோம்.

மரபியல் வேறொரு திசையைக் காட்டியது. பிரிட்டனில் இரட்டைப் பெண்களிடம் 2002இல் வெளியான ஆய்வு, நோய்க்கு ஆளாகும் தன்மையில் கிட்டத்தட்ட பாதி மரபைச் சார்ந்தது என்று மதிப்பிட்டது. 2019இல் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் மரபணுக்களை ஆராய்ந்த ஆய்வு 16 இடங்களைச் சுட்டியது. அவற்றில் பல, இணைப்புத் திசுவின் கட்டமைப்போடு தொடர்புள்ளவை. தசை மாறுபாடும் மரபுவழி வரலாம் என்பதால் இது தசைக் கருத்தை முற்றாகத் தள்ளிவிடவில்லை. என்றாலும் சந்தேகத்தின் மையத்தைத் தசையிலிருந்து நாணுறைக்கும் நார்ப்பட்டைக்கும் நகர்த்தியது.

நோயின் பரவல் கணக்கும் தசைக் கருத்துக்கு உதவவில்லை. தெற்கு ஸ்வீடனில் 1999இல் வெளியான ஆய்வில் மக்களில் 14.4 விழுக்காட்டினர் மீடியன் நரம்புப் பகுதியில் வலி, மரமரப்பு, குறுகுறுப்பு உண்டு என்றார்கள். மருத்துவப் பரிசோதனையும் நரம்புக் கடத்தல் பரிசோதனையும் சேர்ந்து உறுதிசெய்தது 2.7 விழுக்காட்டை மட்டுமே. இவ்வளவு பரவலான அறிகுறியோடு இவ்வளவு பரவலான மாறுபாட்டை ஒரே கையில் காண்பது தற்செயலாகவே அடிக்கடி நிகழும்.

இந்த வாதத்துக்கும் ஓட்டை உண்டு. தசையுள்ள எல்லோரிடமும் நோய் வராததால் யாரிடமும் தசை காரணம் ஆகாது என்று முடிவுகட்ட முடியாது. இருபது வயதில், நீரிழிவும் இல்லாமல், ஒரு கையில் மட்டும், உழைக்கும்போது மட்டும் மரத்துப்போகும் ஒருவரைச் சராசரிக் கணக்குகள் விளக்குவதில்லை.

முன்கையிலிருந்து ஒரு பாடம்

மணிக்கட்டுக்குச் சற்று மேலே நடந்த ஒரு வழக்கு இங்கே பொருந்தும். கட்டைவிரலை மடக்கும் நீண்ட தசைக்குச் சிலரிடம் துணைத்தலை ஒன்று உண்டு. 1813இல் விவரித்தவரின் பெயரால் கான்ட்சர் தசை எனப்படுகிறது. தொகுப்பாய்வுகளின்படி ஏறத்தாழ 44 விழுக்காடு கைகளில் இருக்கிறது. மீடியன் நரம்பிலிருந்து பிரியும் முன்புற இன்டர்ஆசியஸ் கிளை செயலிழந்தால் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நுனி மடக்கி வட்டம் போட முடியாமல் போகும். 1952இல் கைலோவும் நெவினும் இதை விவரித்தபோது நரம்பழற்சி என்றே எழுதினார்கள். பின்னர் வந்த அறுவை மருத்துவர்கள் முன்கையைத் திறந்தார்கள், கான்ட்சர் தசையைக் கண்டார்கள், நெரிபடுதல் என்ற விளக்கம் பாடநூல்களில் ஏறியது. பிற்காலத்தில் உயர்தர எம்.ஆர்.ஐ. படங்களில், பாதிப்பு பெரும்பாலும் முழங்கைக்கு மேலே மீடியன் நரம்பின் தண்டிலேயே, அதன் உள்ளிழைகளில் தெரிந்தது. இப்போது பலர் நரம்பழற்சி விளக்கத்துக்கே திரும்பியிருக்கிறார்கள். அழற்சி என்றால் மாதக்கணக்கில் தானாகத் தணியும். இடையில் தசையை வெட்டியவருக்கும் குணமாகும், வெட்டாதவருக்கும் குணமாகும்.

மணிக்கட்டிலும் அப்படியே நடக்கும் என்று இதிலிருந்து முடிவுசெய்ய இயலாது. கார்ப்பல் டனலில் அழுத்தம் உயர்வது அளந்து காட்டப்பட்ட உண்மை. ஆனால் வெட்டிய இடத்தில் கண்டதையே காரணமாகக் கொள்ளும் பழக்கம் எவ்வளவு தூரம் இட்டுச்செல்லும் என்பதற்கு இது சான்று.

நடுவழி விளக்கம்

இன்று பலர் ஏற்பது கூட்டுக்காரண விளக்கம். நாணுறை தடிக்கிறது, உடலில் நீர் சேர்கிறது, வேலையில் கை அடிக்கடி மடங்கி நிமிர்கிறது. அதோடு தசையும் இருக்கிறது. ஏற்கெனவே பிதுங்கும் டவுன் பஸ்ஸில் கடைசியாக ஏறியவரைப்போல, தசை மட்டும் தனியாகக் குற்றவாளி ஆகாது. கேட்க நியாயமாக இருக்கிறது. இதன் குறை, எதையும் மறுக்க முடியாதபடி இது விரிந்துகொடுப்பதுதான். தசையுள்ளவருக்கு நோய் வந்தால் தசை கூடிக்கொண்டது, வராவிட்டால் மற்றவை கூடவில்லை. சோதிக்கத்தக்கதாக்க வேண்டுமென்றால், தசையுள்ளவர்களுக்கு நோய் சராசரியைவிட இளம் வயதில் வர வேண்டும், அல்லது முஷ்டி பிடிக்கும் வேலையில் கூடுதலாக வர வேண்டும் என்பதுபோன்ற கணிப்பை அது முன்வைக்க வேண்டும்.

அறுவை மேசையில்

காரணமோ இல்லையோ, தசை மாறுபாடு அறுவை செய்பவருக்கு முக்கியம் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. கட்டைவிரல் மேட்டுத் தசை நார்ப்பட்டையின் மேலேயே பரவியிருந்தால், கட்டைவிரலை இயக்கும் நரம்புக் கிளை வழக்கமான பாதையில் இல்லாமல் பட்டையைத் துளைத்து வெளிவரும் வாய்ப்பு கூடுதல். கவனிக்காமல் வெட்டினால் கட்டைவிரலின் பிடிப்பு போய்விடும். இந்த நரம்புக் கிளையின் வேறுபாடுகளை 246 அறுவைகளின் அடிப்படையில் உல்ரிக் லான்ஸ் 1977இல் நான்கு தொகுதிகளாகப் பிரித்தது இன்றும் பயன்படுகிறது. 1980களின் இறுதியில் வந்த எண்டோஸ்கோப் முறையில் பார்வைப் பரப்பு குறுகல். சதை குறுக்கே வந்தால் பெரிய கீறலுக்கு மாறிக்கொள்வதே பாதுகாப்பு. புறங்கைக் குட்டித் தசையை நீர்க்கட்டி என்று எண்ணி வெட்டப்போவதும் நடந்திருக்கிறது.

திறந்திருப்பவை

இப்போதைய சான்றுகளைக் கொண்டு சில கூற்றுகளை வெவ்வேறு உறுதியோடு சொல்லலாம். விரல் மடக்கும்போது லம்ப்ரிக்கல் டனலுக்குள் வந்து அழுத்தத்தைக் கூட்டுகிறது என்பது ஓரளவு உறுதி. தலைகீழ் பால்மாரிஸ், உழைப்போடு மட்டும் வரும் தொல்லை, ஒரு கை, இளம் வயது ஆகியவை ஒன்றுசேரும்போது தசையைக் காரணமாகக் கொள்வது நியாயம். இத்தகையவரிடம் ஓய்வில் எடுத்த நரம்புக் கடத்தல் பரிசோதனை இயல்பாக வரக்கூடும் என்பதால், அது ஒன்றை வைத்தே தொல்லையில்லை என்று அனுப்பிவிடக் கூடாது. குயோன் கால்வாயின் மிகைத் தசை வேறெல்லாவற்றையும் விலக்கிய பிறகே குற்றம் சுமக்க வேண்டும். நடுத்தர வயதில் இரு கையிலும் வரும் வழக்கமான கார்ப்பல் டனல் நோயில் தற்செயலாகத் தென்படும் சதைக்கு என்ன பங்கு என்பதில் நம்பிக்கையான விடை இல்லை.

அதைத் தேடுவதற்கான கருவி கையிலேயே இருக்கிறது. அல்ட்ராசவுண்டை வைத்துக்கொண்டே நோயாளியை முஷ்டி பிடிக்கச் சொல்லலாம், மணிக்கட்டை நீட்டச் சொல்லலாம்; சதை உள்ளே வருவதும் நரம்பு நசுங்கித் தட்டையாவதும் திரையில் தெரியும். ஒரு கையில் மட்டும் தசை உள்ளவர்களைத் தேர்ந்து, எந்தக் கையில் தொல்லை என்பதை அறியாத ஒருவர் இரு கைகளையும் அளந்தால், அதே உடல், அதே மரபணு, அதே நீரிழிவு என்ற ஒப்பீடு இயல்பாகவே கிடைக்கும். எது வேலை செய்யும் கை என்பதை மட்டும் கணக்கில் கொள்ள வேண்டும்.

சிகிச்சையின் கேள்வி அதைவிடச் சிக்கலானது. நார்ப்பட்டையைப் பிரித்துத் தசையை விட்டுவைத்தவர்களையும் இரண்டையும் செய்தவர்களையும் ஒப்பிட வேண்டும். ஒரே மருத்துவமனையில் அதற்குப் போதிய நோயாளிகள் சேர மாட்டார்கள். பல மையங்கள் ஒரே பதிவேட்டில் எழுத வேண்டும். தசையின் பெயர், தடிமன், டனலுக்குள் நீண்ட தூரம், எடுத்தார்களா விட்டார்களா, ஓராண்டுக்குப் பின் கை எப்படி என்ற ஐந்தாறு கட்டங்கள் போதும். தசை கிடைத்த கைகளோடு கிடைக்காத கைகளையும் அதில் பதிய வேண்டும்.